இடக்கை மட்டும் உள்ளவனுக்கு கனொன் எம்50: ஒரு கமெராவும் ஓர் அலுமினியக் கைபிடியும்

கனொன் இஓஎஸ் எம்50 பற்றி யூடியூப்பில் தேடினால் விமர்சனங்கள் கொட்டிக் கிடக்கின்றன. 2018இல் வந்த கமெரா, இனிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கு என்று கேட்பீர்கள். அந்த வீடியோக்களில் கமெராவைப் பிடித்திருக்கிற எல்லோருக்கும் இரண்டு கை. எனக்கு வலக்கையில் முழங்கைக்குக் கீழே கொஞ்சம்தான் மிச்சம். 2009இல் போனது, எப்படிப் போனது என்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆகவே இது இடக்கையால் மட்டும் படம் எடுக்கிறவனின் விமர்சனம். கமெராவோடு சேர்த்து, அதற்கென்று கிளிநொச்சியில் யன்னல் கதவு பொருத்துகிற ஓர் அலுமினியக் கடையில் செய்வித்த கைபிடியைப் பற்றியும் எழுதப்போகிறேன், ஏனென்றால் அது இல்லாவிட்டால் இந்தக் கமெரா எனக்குக் கழுத்தில் தொங்குகிற பாரம், அவ்வளவுதான்.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், எந்தக் கமெராவையும் எடுத்துப் பாருங்கள், கைபிடிக்கிற மேடு வலப்பக்கம், ஷட்டர் பொத்தான் வலப்பக்கம், அநேகமான டயல்களும் வலப்பக்கம். இடக்கைக்கு லென்ஸைத் தாங்குகிற கூலிவேலை மட்டும். முன்பு விதிவிலக்குகள் இருந்திருக்கின்றன. ஜேர்மனியில் செய்த எக்ஸாக்டா கமெராவில், 1936இல் வந்த கினே எக்ஸாக்டாவிலேயே, ஷட்டர் இடக்கைப் பக்கம்தான். யஷிக்கா தனது சாமுராய் வரிசையில் இடக்கைக்காரருக்கென்றே ஒரு கமெரா செய்து விற்றது. இரண்டும் பிலிம் கமெரா. வன்னியில் இருந்துகொண்டு பிலிம் வாங்கி, கழுவக் கொடுத்து, படம் வருமட்டும் காத்திருப்பதெல்லாம் எனக்குச் சரிவராது.

கையிழந்த பிறகும் படம் எடுத்தவர்களைத் தேடிப் படித்தால் இரண்டு பேர் கட்டாயம் வருவார்கள். செக் நாட்டு யோசெப் சூடெக் முதலாம் உலகப்போரில் வலக்கையை இழந்தவர், பெரிய பெட்டிக் கமெராவையும் ட்ரைபொட்டையும் தூக்கிக்கொண்டு பிராக் நகரம் முழுக்கத் திரிந்தவர். பிரித்தானியரான ஜைல்ஸ் டூலி 2011இல் ஆப்கானிஸ்தானில் வெடியில் சிக்கி இரண்டு காலும் இடக்கையும் போன பிறகும் போர் நடந்த நாடுகளுக்குப் போய்ப் படம் எடுத்தவர். படிக்கத் தெம்பாகத்தான் இருக்கு. ஆனால் டூலிக்கு மிஞ்சியது வலக்கை, கமெராக் கம்பனிகள் மனதில் வைத்திருந்த அதே கை. சூடெக் எடுத்தது பெரும்பாலும் ட்ரைபொட்டில் நிற்கிற கமெராவால், அசையாத பொருளை. எனக்கு வேண்டியது கமெராவை இடக்கையால் தூக்கிக்கொண்டு நடந்து, சந்தையில் மீன் வெட்டுகிற கத்தி இறங்குவதற்குள் அமத்துகிற வழி.

அதற்கு எம்50 ஏன்? முதல் காரணம் பாரம். பற்றறியோடு நானூறு கிராமுக்குச் சற்றுக் குறைவு. அடுத்தது தொடுதிரை. திரையில் எந்த இடத்தைத் தொடுகிறோமோ அந்த இடத்தில் போக்கஸ் பிடித்து உடனே படத்தையும் எடுத்துவிடும், ஷட்டர் பொத்தான் பக்கமே போகத் தேவையில்லை. இதை எழுதுகிற வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்: திரைக்கு விரலா வேறொன்றா என்ற வித்தியாசம் தெரியாது, தோல் பட்டால் போதும். என் வலக்கையில் மிஞ்சியிருக்கிற முனையால் தொட்டாலும் எடுக்கும். செயற்கைக் கையை மாட்டிக்கொண்டு தொட்டால் எடுக்காது, பிளாஸ்டிக்கைத் திரை கண்டுகொள்ளாது. நல்ல வடிவாகத்தான் செய்து தந்தார்கள் அந்தக் கையை, கலியாண வீடுகளுக்குப் போட்டுக்கொண்டு போகலாம், படம் எடுக்கும்போது அது பையில் இருக்கும்.

மூன்றாவது, புளூடூத். கனொன் பிஆர்-இ1 என்று ஒரு சின்ன றிமோட் இருக்கிறது, இந்தக் கமெராவோடு வேலை செய்யும், மணிக்கூட்டுக் கடையில் கிடைக்கிற சிஆர்2032 பற்றறி போடலாம். ஷட்டர் பொத்தானைக் கமெராவில் இருந்து கழற்றி நமக்கு விருப்பமான இடத்தில் வைக்கலாம் என்பதுதான் இதன் அர்த்தம். கம்பனி இதைச் செய்தது ட்ரைபொட்டில் வைத்துக் குடும்பப் படம் எடுக்கிறவர்களுக்காக இருக்கலாம். எனக்கு இதுதான் கை.

கைபிடிக்கு வருவதற்கு முன், காசில்லாமல் செய்யக்கூடிய ஒரு வித்தையையும் சொல்லிவிடுகிறேன். கமெராவைத் தலைகீழாகப் பிடியுங்கள். வலப்பக்க மேடு இடப்பக்கம் வந்துவிடும், ஷட்டர் பொத்தான் கீழே பெருவிரலுக்கு அகப்படும். படம் தலைகீழாக விழும், பிறகு போனிலோ கணினியிலோ திருப்பிக்கொள்ளலாம். சும்மா ஆராய்ந்து பார்க்கிறவர்களுக்கும், கமெரா வாங்க முன் கடையில் நின்று சோதிக்கிறவர்களுக்கும் இது போதும். நாள் முழுக்க அப்படிப் பிடித்தால் மணிக்கட்டு விட்டுப்போகும்.

சரி, கைபிடி. அநேகமான கமெராக்களுக்கு அடியில் ட்ரைபொட் பூட்டுகிற ஓட்டை ஒன்று இருக்கும். இந்த மாதிரிக் கமெராக்களில் அதன் அளவு உலகம் முழுக்க ஒன்றுதான்: கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி. இதைக் கட்டாயம் நினைவில் வைத்திருங்கள், ஏனென்றால் வன்னியில் எந்த ஹாட்வெயாரில் கேட்டாலும் முதலில் ஆறு மில்லிமீற்றர் போல்டைத்தான் எடுத்துத் தருவார்கள். பார்வைக்கு ஒரே அளவாகத்தான் இருக்கும், உள்ளே கொஞ்சத் தூரம் போகவும் செய்யும், ஆனால் புரி வேறு, இறுக்கினால் கமெராவின் புரி தேய்ந்துபோகும். கால் அங்குலம் என்று வாய்விட்டுக் கேளுங்கள். போல்ட் கமெராவுக்குள் ஐந்து மில்லிமீற்றரைத் தாண்டிப் போகவும் கூடாது, நீளமாக இருந்தால் நடுவில் வாஷர் போட்டுக் குறைக்கவேண்டும்.

நான் இதைக் கொண்டுபோன அலுமினியக் கடைக்காரர் வாழ்க்கையில் கமெரா ஒன்றும் பிடித்தவர் இல்லை. அதுவே நல்லதாகப் போய்விட்டது. கமெராக் கடைக்காரர் என்றால் என்னவெல்லாம் முடியாது என்று முதலில் சொல்லத் தொடங்குவார். இவர் கேட்ட கேள்வி, "தம்பி, இது எவ்வளவு பாரம் வரும்?" லென்ஸோடு அரைக் கிலோ என்றேன். கமெராவை வாங்கித் தன் இடக்கையில் பிடித்தார், வலக்கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டார், அப்படியே கடைக்குள் இங்கும் அங்கும் நடந்தார், பிறகு யன்னல் சட்டத்தில் வெட்டி எறிந்த துண்டுகளுக்குள் தேடத் தொடங்கினார். எனக்கு எத்தனையோ பேர் உதவி செய்திருக்கிறார்கள், அநேகம் பேர் என்னிடம் பாரம் எவ்வளவு என்று கேட்டதில்லை, மனம் எப்படி இருக்கு என்றுதான் கேட்பார்கள்.

செய்தது இதுதான். ஒரு தட்டைத் துண்டு கமெராவின் அடியில் போல்டால் பூட்டப்படும். அதன் இடப்பக்க முனையில் இருந்து கீழே ஒரு குழாய் இறங்கும், அதன் மேல் சைக்கிள் கைபிடி றப்பர். தட்டை அகலமாக வெட்டினால் பற்றறியும் மெமரி காட்டும் போடுகிற மூடி அடைபட்டுவிடும், இந்தக் கமெராவில் இரண்டும் அடியில் ஒரே அறைக்குள் இருக்கின்றன, அதனால் அந்தப் பக்கத்தைக் குறைத்து வெட்டுவித்தேன். கடைகளில் விற்கிற வீடியோக் கைபிடிகள் பலவற்றில் இந்தக் கவனம் இல்லை, பற்றறி மாற்ற ஒவ்வொரு முறையும் கழற்றவேண்டும், ஒரு கையால் கழற்றிப் பூட்டுவது என்றால் அதுவே ஒரு தனி வேலை. குழாயின் மேல் நுனியில் பெருவிரல் வருகிற இடத்தில் றிமோட்டை இரட்டைப்பக்க ரேப்பால் ஒட்டி, மேலே இரண்டு பிளாஸ்டிக் டையால் கட்டியிருக்கிறேன். அழகு பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். கூலியாக அவர் கேட்டது கமெரா விலையோடு வைத்துப் பார்த்தால் ஒரு பொருட்டே இல்லை, துண்டு அலுமினியத்துக்குக் காசே எடுக்கவில்லை. என் புள்ளி: கமெராவுக்கு ஐந்தில் மூன்றரை, கைபிடிக்கு நாலரை. அரைப் புள்ளி குறைத்தது வெயிலில் அலுமினியம் சுடுவதற்கு. வைகாசி, ஆனி வெயிலில் றப்பர் இல்லாத இடத்தைத் தொட்டுப் பாருங்கள், தெரியும்.

இப்போது படங்களைப் பற்றி. இந்த அமைப்பு என் படங்களையே மாற்றிவிட்டது, இதை நான் எதிர்பார்க்கவில்லை. கைபிடி கீழே இருப்பதால் கமெரா தானாக நெஞ்சு உயரத்துக்கு வந்து நிற்கிறது. திரையை இடப்பக்கம் வெளியே திருப்பி மேல்நோக்கிச் சாய்த்துவிட்டால் குனிந்து பார்த்து எடுக்கலாம். கண்ணில் கமெராவை வைத்து எடுக்கிறவரின் முகம் எதிரே இருப்பவருக்குத் தெரியாது, ஒரு கறுப்புப் பெட்டிதான் தெரியும். என் முகம் தெரியும். கதைத்துக்கொண்டே எடுக்கலாம். புதுக்குடியிருப்புப் பக்கம் ஓர் ஆச்சி பனையோலை வார்ந்துகொண்டிருந்தபோது எடுத்தேன், "கையை என்ன மோனை செய்தது" என்று அவ கேட்க, நான் சொல்ல, தன் மகனைப் பற்றி அவ சொல்ல, நடுவில் பெருவிரல் தன்பாட்டில் அமத்திக்கொண்டிருந்தது. அந்தப் படத்தில் ஆச்சி கமெராவைப் பார்க்கவில்லை, அதற்குச் சற்று மேலே பார்க்கிறா. என்னை. கண்மட்டத்தில் பிடித்திருந்தால் அந்தப் பார்வை கிடைத்திராது. சின்னப் பிள்ளைகள் என்றால் இன்னும் நல்லது, அவர்களின் முகமும் கமெராவும் நேருக்கு நேர், மேலே இருந்து குனிந்து பார்த்த படமாக வராது.

இன்னொன்றும் இருக்கு. போர் முடிந்த பிறகு வன்னியில் எங்களைப் போன்றவர்களைப் படம் எடுத்த அளவுக்கு வேறு யாரையும் எடுத்திருக்க மாட்டார்கள். சக்கர நாற்காலி கொடுக்கும் படம், செயற்கைக் கால் கொடுக்கும் படம், கோழிக்கூடு கொடுக்கும் படம், கொடுக்கிறவர் நடுவில் சிரிப்பார், வாங்குகிறவர் கமெராவைப் பார்க்கச் சொன்ன பிறகு பார்ப்பார். பின்னால் பதாகை. எத்தனை அறிக்கைகளில் என் கை இருக்கிறதோ தெரியாது. கோபமாகச் சொல்லவில்லை, உதவி தேவைப்பட்டது, வாங்கினோம். ஆனால் கமெரா என் கைக்கு வந்ததும் யாரை எங்கே நிறுத்துவது, எதைச் சட்டத்துக்கு வெளியே விடுவது என்பதை நான் தீர்மானிக்கிறேன். மாற்றுவலுவுள்ளவர் எடுத்த படம் என்றால் சோகமும் சக்கர நாற்காலியும் இருக்கும் என்று எதிர்பார்க்கிறவர்கள் என் படங்களைப் பார்த்து ஏமாறுகிறார்கள். நான் அதிகம் எடுப்பது அறுவடைக் காலத்து இரவுகளை. பரந்தன் பக்கத்து வயல்களில் அறுவடை மெஷின் லைட்டைப் போட்டுக்கொண்டு வரும்போது வைக்கோல் தூசி முழுக்க மஞ்சளாகப் பறக்கும், அதற்குள் சாக்குப் பிடிக்கிற பெடியன்கள் அரைகுறையாகத் தெரிவார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை, படத்தைத்தான் காட்டவேண்டும்.

அந்த இரவுக்குத்தான் லென்ஸ் விஷயம் முக்கியம். இந்தக் கமெராவோடு பொதுவாக வந்தது 15-45 மில்லிமீற்றர் லென்ஸ். சுருங்கி இருக்கும், படம் எடுக்க முன் ஒரு சின்னப் பூட்டைத் தள்ளியபடியே வளையத்தைத் திருப்பி விரிக்கவேண்டும், ஸூம் பண்ணவும் வளையம் திருப்பவேண்டும். கைபிடியைப் பிடித்திருக்கிற ஒரே கைக்கு இது நடக்காது. நான் பாவிப்பது 22 மில்லிமீற்றர் எப்2. நூறு கிராமுக்குச் சற்றுக் கூட, பணியாரம்போலத் தட்டையான லென்ஸ், ஸூம் கிடையாது, இருட்டிலும் வெளிச்சத்தை நன்றாக வாங்கும். ஸூம் இல்லாதது எனக்குக் குறை அல்ல, கால் இரண்டும் நன்றாக இருக்கு. ஆனால் இந்த லென்ஸிலும் கமெரா உடம்பிலும் ஆட்டத்தைத் தாங்குகிற அமைப்பு இல்லை, ஒற்றைக் கை கட்டாயம் ஆடும், அதனால் ஷட்டர் வேகத்தை 1/250 செக்கனுக்குக் கீழே விடாமல் வைத்துக்கொண்டு, வெளிச்சத்தை உணர்கிற அளவான ஐஎஸ்ஓ எவ்வளவு ஏறினாலும் ஏறட்டும் என்று விட்டுவிடுகிறேன். படத்தில் கொஞ்சம் பொரிபொரியாக வரும். வற்றாப்பளை அம்மன் பொங்கலில், கடல் நீரில் விளக்கெரிகிற அந்த இரவில், சனத்துக்குள் இடிபட்டுக்கொண்டு எடுத்தவை எல்லாம் அப்படித்தான், எனக்கு அந்தப் பொரி பிடித்திருக்கு, உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

குறைகள் வேறும் இருக்கின்றன. பற்றறி கனொன் கணக்கில் 235 படம், ஒன்றுக்கு இரண்டாக வைத்திருங்கள். ஓன் ஓஃப் சுவிட்சும் மோட் டயலும் வலது மேல் மூலையில், கைபிடியைப் பிடித்தபடி எட்டாது, கமெராவைக் கழுத்துப் பட்டியில் தொங்கவிட்டுத்தான் திருப்பவேண்டும். ஆகவே ஒரு மோடில் வைத்தால் அதிலேயே விட்டுவிடுகிற பழக்கம் வந்துவிட்டது. மெமரி காட்டைக் கழற்றுகிற கரைச்சலுக்குப் பதிலாகப் படங்களை வைஃபையில் போனுக்கு இறக்குகிறேன். லென்ஸ் மூடியை இரண்டு பக்கமும் நெரித்துக் கழற்றுவதை விட ஒரு யூவீ பில்டரைப் பூட்டி அப்படியே விடுவது சுகம். மழைக்கும் புழுதிக்கும் அடைப்பு எதுவும் இல்லாத கமெரா இது, எங்கள் கிரவல் றோட்டுப் புழுதி தெரிந்த விஷயம்தானே, சோற்றுப் பாசல் சுற்றுகிற லஞ்ச் சீற் ஒன்றில் ஓட்டை போட்டு மூடிக்கொண்டு மோட்டச்சைக்கிளில் பின்னால் ஏறுவேன்.

பெரிய குறை, கனொன் இந்த லென்ஸ் வரிசையைக் கைவிட்டு ஆர்எஃப் என்கிற வேறு வரிசைப் பக்கம் போய்விட்டது. எம்50இல் நேரடியாகப் பூட்டக்கூடிய கனொனின் புது லென்ஸ் இனி வராது. எனக்கு ஒரே லென்ஸ் போதும் என்பதால் நான் கவலைப்படவில்லை, நீங்கள் லென்ஸ் சேர்க்கிற ஆள் என்றால் ஆர்50 போன்ற புதியவற்றைப் பாருங்கள், அதிலும் திரை திரும்பும், தொட்டால் எடுக்கும். விலைதான் கண்ணைக் கட்டும். 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து சில மாதங்களில் 350ஐத் தாண்டிய பிறகு இந்த நாட்டில் புதுக் கமெரா என்பது நகை வாங்குகிற மாதிரி யோசித்துச் செய்கிற காரியம். பாவித்த எம்50 ஒன்றைப் பார்த்து வாங்குவதே என் கட்சி. வாங்கும்போது திரையின் கீல் தளர்ந்திருக்கிறதா, தொடுதிரை நாலு மூலையிலும் வேலை செய்கிறதா, அடியில் இருக்கிற ட்ரைபொட் புரி தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னதை விற்கிறவரே பார்த்திருக்க மாட்டார்.

போன் போதாதா என்று கேட்பீர்கள். பலருக்குப் போதும். போனுக்கு இடம் வலம் இல்லை, ஒலியைக் கூட்டுகிற பொத்தானாலேயே படம் எடுக்கலாம், சில போன்களில் வாயால் சொன்னாலும் எடுக்கும், கையே இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. கண் தெரியாதவர்களுக்கு ஐபோனில் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்கிற வொய்ஸ்ஓவரைப் போட்டால் கமெராவின் முன் எத்தனை முகம் நிற்கிறது என்று சொல்லும். மும்பையில் 2006இல் இருந்து பார்வையற்றவர்களுக்கு ஒளிப்படம் கற்பிக்கிற ஒரு திட்டமே நடந்திருக்கிறது, ஆகவே அவர்களால் என்ன செய்யமுடியும் என்று என்னிடம் கேட்கத் தேவையில்லை. சக்கர நாற்காலியில் இருக்கிறவர்கள் மேலே சொன்ன அதே கால் அங்குலப் போல்டை நாற்காலியின் கைத்தாங்கியில் ஒரு கிளாம்போடு பூட்டினால் கமெரா தன்பாட்டில் நிற்கும், அலுமினியக் கடைக்காரரிடம் இதையும் காட்டிக் கேட்டேன், செய்யலாம் என்றார். நான் போனை விட்டுக் கமெராவுக்கு வந்ததற்கு ஒரே காரணம் அந்த இரவு வயல்தான், என்னிடம் இருந்த போனில் தூசியும் வெளிச்சமும் எல்லாம் மெழுகிவிட்டமாதிரி வந்தது.

பறவை எடுக்க ஆசைப்படுகிறவர்கள் இந்தப் பக்கமே வராதீர்கள். இரணைமடுக் குளக்கட்டில் நின்றால் நாரையும் கூழைக்கடாவும் தூரத்தில் நிற்கும், 22 மில்லிமீற்றரில் அவை வெள்ளைப் புள்ளி. பெரிய லென்ஸ் போட்டால் பாரம் முன்னுக்கு இழுக்கும், கைபிடி தாங்கும், மணிக்கட்டுத் தாங்காது. அப்புறம், இராணுவ முகாம்கள் இருக்கிற றோட்டில் கமெராவைக் கையில் எடுக்காமல் பையில் வைத்துக்கொண்டு போங்கள், கைபிடியோடு சேர்த்துப் பார்க்கும்போது அதன் தோற்றம் தூரத்தில் நிற்கிறவருக்கு வேறு எதையாவது நினைவூட்டக்கூடும்.

லென்ஸ் மாற்றுவதற்கு மட்டும் இன்னும் வழி அகப்படவில்லை. கமெராவை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்தால் இடக்கையால் லென்ஸைக் கழற்றலாம், ஆனால் பூட்டை அமத்திக்கொண்டே திருப்பவேண்டும், கழன்ற லென்ஸை எங்கே வைப்பது, திறந்து கிடக்கிற சென்சரில் புழுதி விழாமல் எப்படி மூடுவது. அலுமினியக் கடை அண்ணையிடம் இதையும் சொல்லியிருக்கிறேன். மேசையில் பூட்டுகிற மாதிரி ஒரு கவ்வி செய்து பார்ப்போம், மழை தொடங்கினால் யன்னல் வேலை குறையும், அப்போது வா என்றிருக்கிறார்.